நொட்டாங்கைக்கு ஒரு துப்பாக்கி

“நொட்டாங்கையால் வாங்காதே, சோற்றுக்கையை நீட்டு!”

தமிழ் வீட்டில் பிறந்த இடக்கையர் எவரும் இந்த வரியைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. என் பாட்டி இதை ஒரு நாளைக்கு நான்கு முறையாவது சொல்வார். பாலர் பள்ளியில் பென்சிலை இடக்கையில்தான் பிடித்தேன். வீட்டில் அது வலக்கைக்கு மாற்றப்பட்டது. இன்றும் எழுதுவதும் சாப்பிடுவதும் வலக்கையால்தான். ஆனால் பந்தெறிவது, பூட்டைத் திறப்பது, கத்திரிக்கோல் பிடிப்பது எல்லாம் இடக்கை. இப்படிப் பாதி மட்டும் மாற்றப்பட்ட ஒருத்தி பல்கலைக்கழகத்துக்கு வந்து துப்பாக்கிச் சுடுதல் சங்கத்தில் சேர்ந்தால் என்ன ஆகும்? இரண்டு ஆண்டுகளும் கொஞ்சம் பணமும் போகும். எனக்குப் போனது.

மொழிச் சங்கத்தின் ஆண்டிதழில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்வி. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேரும் தமிழ் மாணவர்களில் இரண்டு மூன்று பேர் இந்த விளையாட்டைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். சென்ற ஆண்டு கேட்டவர்களில் ஒரு தம்பி இடக்கையர். நான் செய்த அதே தவற்றைச் செய்யத் தயாராக இருந்தார். அவருக்குத் தொலைபேசியில் ஒன்றரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

நான் பேசப் போவது பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியைப் பற்றி. ஒலிம்பிக்கில் உள்ள போட்டி இது. நின்றுகொண்டு சுட வேண்டும். குண்டு 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய ஈயத்துண்டு. முனை கூராக இல்லாமல் தட்டையாக இருக்கும், அட்டையில் வட்டமான துளை விழுவதற்காக. இலக்கின் நடுவில் இருக்கும் பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். பேனா முனையால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் பத்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள், புரியும். அறுபது குண்டுகளுக்கு எழுபத்தைந்து நிமிடங்கள். முன்பு பெண்களுக்கு நாற்பது குண்டுகள்தாம். 2018 முதல் அவர்களுக்கும் அறுபது. அந்த ஆண்டில்தான் நான் முதலாம் ஆண்டு மாணவி என்பதால் இந்த எண்ணிக்கை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைசி இருபது குண்டுகள் என் முதுகில் எழுதப்பட்டவை.

அதே 2018இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டுகளில் நம் மார்ட்டினா வெலோசோ இந்தப் போட்டியில் தங்கம் வென்றார். மறு ஆண்டு ரியோ உலகக் கிண்ணப் போட்டியில் தங்கம் பெற்றவர் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி துப்பாக்கி?” என்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா, அந்தப் பெயரைச் செய்தியில் படித்த பிறகு சற்று அமைதியானார். தூய தமிழ்ப் பெயருக்கு வீட்டில் அவ்வளவு மதிப்பு!

கண்ணா, கையா?

சங்கத்தில் இருந்த துப்பாக்கிகள் அனைத்தும் வலக்கையர்களுக்கானவை. முதல் நாள் பயிற்சியில் “எந்தக் கையால் எழுதுவாய்?” என்று கேட்டார்கள். வலக்கை என்றேன். கேள்வி முடிந்தது. வலது தோளில் துப்பாக்கியைச் சாய்த்து வலக்கண்ணால் குறிபார்க்கத் தொடங்கினேன். பாட்டியின் வெற்றி சுடுதளம் வரை நீண்டது.

அவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. நம் இரு கண்களில் ஒன்று முதன்மைக் கண். மூளை ஒரு பொருளின் திசையை முடிவு செய்யும்போது அந்தக் கண் சொல்வதைத்தான் அதிகம் கேட்கும். இதை அறிய எந்தக் கருவியும் வேண்டாம். இரு கைகளையும் நீட்டி, விரல்களைச் சேர்த்து, நடுவில் சிறிய ஓட்டை விடுங்கள். அந்த ஓட்டை வழியே தூரத்தில் உள்ள கடிகாரத்தை இரு கண்களாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது கடிகாரம் மறைகிறதோ, அதுதான் முதன்மைக் கண். பத்து வினாடி வேலை. நான் இதை இரண்டாம் ஆண்டின் நடுவில், அதுவும் ஓர் இணையக் காணொளியைப் பார்த்துவிட்டு விளையாட்டாகச் செய்தேன். இடக்கண்ணை மூடியதும் கடிகாரம் காணாமற்போனது.

பெரும்பாலோருக்குக் கையும் கண்ணும் ஒரே பக்கம் அமைந்துவிடும். அமையாதவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு வழிகள் உண்டு. வலக்கண்ணால் குறிபார்க்கும்போது இடக்கண்ணை ஒரு வெண்ணிறத் தடுப்பால் மறைக்கலாம். கண்ணை இறுக்கி மூடுவதைவிட இது நல்லது. ஒரு கண்ணை மூடினால் முகத்தசை இழுக்கும், திறந்த கண்ணும் சோர்ந்துவிடும். வலது தோளில் சுட்டுக்கொண்டே இடக்கண்ணால் குறிபார்க்க உதவும் கண்ணாடி அல்லது பட்டகக் கருவியைக்கூட அனைத்துலக விதிகள் அனுமதிக்கின்றன, உருப்பெருக்காத வகையில். நான் அதைப் பயன்படுத்தியதில்லை. என் கருத்தில், இன்னும் பழக்கம் கெட்டிப்படாத ஒருவர் கண் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத் தோளுக்கு மாறிவிடுவதே நேர்வழி. எனக்கோ கண்ணும் இடம், உண்மையான கையும் இடம். ஒன்றரை ஆண்டாக எழுதும் கையை நம்பி ஏமாந்திருந்தேன்.

மாறுவதில்தான் சிக்கல். அப்போது என் சராசரி அறுபது குண்டுகளுக்கு 595 புள்ளிகள். தசமக் கணக்கில் முழுப் புள்ளிகள் 654. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்கான அணியில் மூன்றாம் இடம். பயிற்றுவிப்பாளர் நேராகவே சொன்னார்: இப்போது பக்கம் மாறினால் இந்த ஆண்டு அணியில் இடமில்லை. மாறாவிட்டால் 595இலேயே நிற்பாய். எது வேண்டும்?

இரண்டு வாரம் தூங்கவில்லை என்று எழுதினால் மிகை. ஆனால் இரண்டு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பிறகு மாறினேன்.

ஏன் முன்னழுத்தக் காற்று?

துப்பாக்கி வாங்குவதற்கு முன் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் விற்பவர் சொல்வதுதான் பாடம்.

பழைய காற்றுத் துப்பாக்கிகளில் ஒரு சுருள்வில் இருக்கும். விசையை இழுத்ததும் வில் பாய்ந்து உந்துதண்டைத் தள்ளும். அது காற்றை அழுத்தும். காற்று குண்டைத் தள்ளும். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே கனமான இரும்பு ஒன்று நகர்ந்துவிடுவதால் துப்பாக்கி உதறும். அந்த உதறலை அடக்கப் போட்டித் துப்பாக்கிகளில் அழகான ஏற்பாடுகள் செய்திருந்தார்கள். ஆனாலும் தொடக்கநிலையாளருக்கு அது கடினம். அடுத்து வந்தது, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு பெரிய நெம்புகோலை இழுத்துக் காற்றை அழுத்தி வைக்கும் வகை. உதறல் இல்லை. ஆனால் பயிற்சிக் குண்டுகளையும் சேர்த்து எண்பது தொண்ணூறு முறை அதை இழுக்க வேண்டும். எங்கள் சங்கத்தில் இருந்த பழைய துப்பாக்கியில் அந்த நெம்புகோல் வலப்பக்கம். இடக்கையர் அதை இழுப்பதைப் பார்த்தால் கிணற்றில் வாளி சிக்கிக்கொண்டதோ என்று தோன்றும்.

முன்னழுத்த வகையில் குழலுக்கு அடியில் ஓர் உருளை. அதில் ஏற்கனவே 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பப்பட்டிருக்கும். கார் டயரில் இருப்பது ஏறக்குறைய இரண்டரை பார்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அளவு விளங்கும். உருளைக்கும் குழலுக்கும் இடையே ரெகுலேட்டர் என்ற அழுத்தச் சீராக்கி உண்டு. உருளையில் 200 பார் இருந்தாலும் 100 பார் இருந்தாலும் அது ஒரே குறைந்த அழுத்தத்தில், ஒரே அளவு காற்றை முன்னறைக்கு அனுப்பும். விசையை இழுத்தால் வால்வு ஒரு கணம் திறந்து மூடும். குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் போகும், ஒவ்வொரு முறையும் அதே வேகத்தில். நெம்புகோல் என்பது இப்போது விரலால் தள்ளும் சிறு கைப்பிடிதான். ஒருமுறை நிரப்பினால் பல நூறு குண்டுகள் சுடலாம்.

ஆகவே முதல் துப்பாக்கியே முன்னழுத்த வகையாக இருக்கட்டும். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை என்றே நினைக்கிறேன். இன்று போட்டிகளில் நீங்கள் காண்பதும் அதுதான். ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷுட்ஸ் ஆகிய ஜெர்மானிய நிறுவனங்கள், ஆஸ்திரியாவின் ஸ்டைர் என்று தயாரிப்பாளர்களும் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்குவார்கள். எது சிறந்தது என்று சங்கத்தில் சண்டை நடக்கும். அதில் கலந்துகொள்ளாதீர்கள். அந்த நால்வருடைய எந்தத் துப்பாக்கியும் உங்களையும் என்னையும்விட நன்றாகவே சுடும். வேறுபாடு உங்கள் உடலில் அது எப்படிப் பொருந்துகிறது என்பதில்தான்.

“நல்ல சாமான், தங்கச்சி”

பட்டம் முடித்து வெளியேறவிருந்த ஓர் அண்ணன் தம் துப்பாக்கியை விற்பதாகச் சொன்னார். வால்நட் மரத்தில் செய்த தண்டு, தேன் நிறம், பார்த்தாலே கை துறுதுறுக்கும். “நல்ல சாமான், தங்கச்சி. ஒனக்குன்னா தொள்ளாயிரம் வெள்ளி” என்றார். துணைப்பாட வகுப்பு நடத்திச் சேர்த்த பணம் என்னிடம் ஆயிரத்து நானூறு இருந்தது. அது வலக்கைத் துப்பாக்கி என்றேன். கன்னம் பதியும் பலகையைத் திருப்பிக்கொண்டால் ஆயிற்று என்றார். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை; உண்மையாகவே அப்படி நம்பினார். வலக்கையர் எவருக்கும் இது யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயமே இல்லையே.

நல்லவேளையாக, வாங்குவதற்கு முன் ஒரு மாலை அதை இடது தோளில் வைத்துப் பார்த்தேன். அன்று கற்றுக்கொண்டதை விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் பிடி. போட்டித் துப்பாக்கியின் பிடி, உள்ளங்கையின் மேடு பள்ளங்களுக்கு ஏற்பச் செதுக்கப்பட்டது. வலக்கைப் பிடியை இடக்கையால் பற்றினால், கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் புடைப்பும், புடைப்பு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளமும் இருக்கும். வலக்காலணியை இடக்காலில் மாட்டுவதுபோல. விசை விரல் நேர்ப்பின்னோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளும். குண்டு அந்தப் பக்கம் ஓடும். அண்ணனுடைய துப்பாக்கியில் பிடி தனிப் பகுதியன்று. தண்டோடு சேர்த்து ஒரே மரத்தில் செதுக்கியது. மாற்றவே முடியாது.

அடுத்து கன்னப்பலகை. தலை நிமிர்ந்து, கழுத்துத் தசை இறுகாமல், கன்னம் இயல்பாகப் பதியும்போது கண் பின்குறியின் சிறு துளைக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும். அதற்காகக் கன்னப்பலகையை மேலும் கீழும் நகர்த்தும் வசதி எல்லாவற்றிலும் உண்டு. இடக்கையருக்குத் தேவையானது பக்கவாட்டு நகர்வு. அந்த மரத்தண்டில் பலகையைக் கழற்றித் திருப்பிப் போட்டால் திருகுகள் பொருந்தவில்லை. பொருந்தினாலும் தண்டின் பின்பகுதியே வலப்பக்கம் சற்று விலகி அமைந்திருந்தது. அதாவது என் முகத்திலிருந்து விலகாமல் என் முகத்துக்குள் வந்தது.

மூன்றாவது குண்டேற்றும் கைப்பிடி. பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நிற்கும் நிலையில் துப்பாக்கியைத் தாங்குவது முன்கை. வலக்கையருக்கு இடக்கை, இடக்கையருக்கு வலக்கை. அந்த முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றியிருக்கும். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் துப்பாக்கியைத் தாங்கியில் இறக்கி, விசைக் கையை மட்டும் எடுத்துக் கைப்பிடியைத் திறந்து, குண்டை வைத்து, மூட வேண்டும். கால்களும் இடுப்பும் அசையக்கூடாது. கைப்பிடி எதிர்ப்பக்கம் இருந்தால் இடக்கையைத் துப்பாக்கியின் மேலாக வளைத்துக் கொண்டுபோக வேண்டும், உடல் திரும்பும், பாதம் ஒரு விரலளவு நகரும். அரை மில்லிமீட்டர் புள்ளிக்கு ஒரு விரலளவு மிக அதிகம். அதையும் அறுபது முறை செய்ய வேண்டும். சில மாதிரிகளில் கைப்பிடியை இடப்பக்கமோ வலப்பக்கமோ மாற்றிப் பொருத்தலாம். சிலவற்றில் தொழிற்சாலையிலேயே இடக்கை வகை எனத் தனியாகச் செய்கிறார்கள். நீங்கள் பார்க்கும் மாதிரி எந்த வகை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பின்குறியில் உள்ள திருகு குமிழ்களைப் பற்றியும் கேட்பார்கள். இடம் வலம் திருத்தும் குமிழ் வழக்கமாக வலப்பக்கம் இருக்கும். கையைச் சற்று மேலே கொண்டுபோய்த் திருக வேண்டும், அவ்வளவுதான். போட்டியின்போது பத்துத் தடவைக்கு மேல் அதைத் தொட மாட்டீர்கள். இதற்காக ஒரு நல்ல துப்பாக்கியை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. விசையும் அப்படித்தான், அதன் நாக்கை முன்னும் பின்னும் நகர்த்தவும், சாய்க்கவும், எடையைக் குறைக்கவும் முடியும். கை பேதம் அதற்குக் கிடையாது.

அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம். தொள்ளாயிரத்தை எண்ணூறாக்கினார். விலை குறையக் குறைய மனம் தடுமாறுவது இயற்கைதானே! அன்று என்னைக் காப்பாற்றியது அறிவன்று, காற்று உருளை. அதில் பொறித்திருந்த தேதியைப் பயிற்றுவிப்பாளர் பார்த்தார். பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

உருளையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாக

இந்தப் பகுதியை மட்டும் வேகமாகப் படிக்க வேண்டாம்.

உருளைகளுக்கு ஆயுட்காலம் உண்டு. தயாரித்த மாதமும் ஆண்டும் அதன் மேல் பொறிக்கப்பட்டிருக்கும்; எத்தனை ஆண்டு பயன்படுத்தலாம் என்பதைத் தயாரிப்பாளர் சொல்வார், பொதுவாகப் பத்தாண்டு. காலம் கடந்த உருளையோடு போட்டிக்குப் போகக்கூடாது. உருளை காலத்துக்குள் இருப்பதை உறுதிசெய்வது சுடுபவரின் பொறுப்பு என்றே விதி சொல்கிறது. ஆகவே பழைய துப்பாக்கி வாங்கும்போது புதிய உருளையின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். அண்ணனின் எண்ணூறு வெள்ளி, உருளையோடு சேர்த்தால் மறுபடியும் தொள்ளாயிரத்தைத் தாண்டிவிடும்.

நிரப்புவதற்கு முக்குளிப்போர் பயன்படுத்தும் பெரிய காற்றுக்கலன் போதும். பெரும்பாலான சங்கங்களில் அதுதான் இருக்கும். மெதுவாகத் திறக்க வேண்டும். வேகமாக நிரப்பினால் உருளை சூடாகும். ஆறிய பிறகு அழுத்தமானியைப் பார்த்தால் முள் இறங்கியிருக்கும். சில கலன்களில் 300 பார் இருக்கும். உங்கள் உருளைக்கு 200தான் எல்லை என்றால் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். இணைப்புகளில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. காற்றுக்குப் பதிலாக ஆக்சிஜனை ஒருபோதும் நிரப்பக்கூடாது, அது வெடிக்கும். விமானத்தில் கொண்டுபோகும்போது உருளையைக் கழற்றி வெறுமையாக்க வேண்டும். இவை எல்லாம் பயமுறுத்துவதற்காகச் சொல்வதில்லை. சமையலறையில் எரிவாயு உருளை வைத்திருக்கும் வீட்டில்தான் நாம் தூங்குகிறோம். அதே அளவு மரியாதை இதற்கும் தேவை.

பழையதை வாங்கும்போது இன்னொன்றையும் சோதியுங்கள். முதல் நாள் நிரப்பி, அழுத்தமானியைக் குறித்துவைத்து, மறுநாள் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. பிறகு துப்பாக்கியைப் பிடிப்பியில் பொருத்தி, சிறிது நேரம் சும்மா விட்டு, பத்துக் குண்டுகள் சுடச் சொல்லுங்கள். முதல் குண்டு மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி விழுந்தால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம். இரண்டும் சரிசெய்யக்கூடிய கோளாறுகள்தாம். ஆனால் அதைச் சரிசெய்ய அனுப்பும் செலவு யாருடையது என்பதை வாங்கும் முன் பேசிவிடுவது நல்லது. குழல் தேய்ந்திருக்குமோ என்று கவலைப்பட வேண்டாம். மென்மையான ஈயம், குறைந்த வேகம். குழலுக்கு எதுவும் ஆகாது.

நான் என்ன செய்தேன்?

உடனே எதையும் வாங்கவில்லை. இதுதான் நான் எடுத்த ஒரே புத்திசாலித்தனமான முடிவு, அதுவும் பயிற்றுவிப்பாளர் சொன்னது. சங்கத்தில் அலுமினியத் தண்டுள்ள துப்பாக்கி ஒன்று இருந்தது. அலுமினியத் தண்டு பார்ப்பதற்கு மிதிவண்டியின் சட்டம்போல இருக்கும். மரத்தின் அழகு கிடையாது. ஆனால் அதில் பிடி தனி, கன்னப்பலகை தனி, தோள்தட்டு தனி. ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் நகர்த்தலாம், சாய்க்கலாம், கழற்றி மாற்றலாம். இடக்கைப் பிடி மட்டும் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். எஸ், எம், எல் என அளவுகள் உண்டு. என் கைக்கு எஸ். அதைச் சங்கத் துப்பாக்கியில் மாட்டி, ஐந்து மாதம் இடது தோளில் பழகினேன்.

முதல் முழுச் சுற்றில் 561. அணிப் பட்டியல் ஒட்டியிருந்த பலகையைப் பார்க்காமல் வெளியே போனேன். போட்டியன்று நான் பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து தோழிகளுக்குத் தண்ணீர்ப் புட்டி எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் மாதம் 580. நான்காம் மாதம் 598. ஐந்தாம் மாத இறுதியில் முதன்முறையாக 603. புள்ளிகளைவிட வேறொன்று எனக்குப் பெரிதாகத் தோன்றியது. வலத்தோளில் சுடும்போது குறி எப்போதும் கொஞ்சம் மங்கலாக, யாரோ தோளைத் தட்டிக் கூப்பிடுவதுபோல இருக்கும். இடத்தோளுக்கு வந்தபின் அது நின்றுவிட்டது.

அதன் பிறகே வாங்கினேன். 2019 இறுதியில், அலுமினியத் தண்டும் இருபக்கமும் மாற்றக்கூடிய கைப்பிடியும் உள்ள, ஒருவர் பயன்படுத்திய துப்பாக்கி. உருளைக்கு ஏழாண்டு ஆயுள் மிச்சமிருந்தது. என் சேமிப்பு போக மீதியை அப்பா கொடுத்தார்; வேலைக்குப் போய்த் திருப்பிக் கொடுத்தேன். புதிதாக வாங்கினால் உயர்நிலை மாதிரிகள் பல ஆயிரம் வெள்ளி ஆகும். முதல் துப்பாக்கிக்கு அது தேவையில்லை. புதிதாகத்தான் வேண்டும் என்றால் இளையருக்கும் சங்கங்களுக்கும் என்று எளிய மாதிரிகள் செய்கிறார்கள். இரு கைக்கும் பொதுவான தண்டு என்று அவற்றில் சில விற்கப்படும். பழகுவதற்கு அது போதும். ஆனால் பொதுவான பிடி என்பது யாருடைய கைக்கும் முழுதாகப் பொருந்தாத பிடி.

பணத்தை முழுவதும் துப்பாக்கியில் கொட்டிவிடாதீர்கள். சுடுவதற்கான தடித்த மேலங்கியும் கைக்கு ஏற்பவே தைக்கப்படுகிறது. தோள்பட்டையில் வழுக்காத ரப்பர், முழங்கைத் திண்டு, பொத்தான் வரிசை எல்லாம் இடக்கையருக்குக் கண்ணாடிப் பிம்பம்போலத் திரும்பியிருக்க வேண்டும். சங்கத்தில் இரவல் வாங்க முடியாது. இடக்கை மேலங்கி வைத்திருக்கும் சங்கம் அரிது. கையுறை வலக்கைக்கு. கால்சட்டையும் காலணியும் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். துப்பாக்கியில் இருநூறு வெள்ளி மிச்சம் பிடித்தாவது மேலங்கியை அளவெடுத்து வாங்குங்கள். என் முதுகுவலி பாதி அதில்தான் போனது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொருளன்று. காவல்துறை உரிமம் தேவைப்படும் ஆயுதம். வீட்டுக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்ள முடியாது. அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் ஆயுதக் காப்பறையில்தான் இருக்கும். மலேசியாவிலும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கொள்கிறது. ஜொகூரிலிருந்து படிக்க வந்திருக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று எதையும் வரவழைக்காதீர்கள். முதலில் சங்கச் செயலாளரிடம் பேசுங்கள். தாள் வேலைகளை அவர்தான் சொல்வார். பொறுமை தேவைப்படும். எனக்கு உரிமம் கைக்கு வந்து சில மாதங்களிலேயே 2020 ஏப்ரலில் கிருமிப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை தொடங்கிச் சுடுதளம் மூடப்பட்டது. என் துப்பாக்கி காப்பறையில். நான் வீட்டு வரவேற்பறையில் வலக்கையில் அரிசி மூட்டையைத் தாங்கிக்கொண்டு நிற்கும் பயிற்சியில். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. சோற்றுக்கையில்தானே அரிசி இருந்தது!

கடைசியாக, எந்தப் புத்தகத்திலும் சொல்லாத ஒன்று. வலக்கையர் இலக்குக்கு இடத்தோளைக் காட்டி, வலப்பக்கம் பார்த்து நிற்பார். இடக்கையர் இடப்பக்கம் பார்த்து நிற்பார். அதனால் உங்கள் வலப்பக்கத்தில் நிற்பவரின் முதுகும் உங்கள் முதுகும் சந்திக்கும், தொல்லையில்லை. ஆனால் இடப்பக்கத்தில் நிற்பவரும் நீங்களும் எழுபத்தைந்து நிமிடமும் நேருக்கு நேர் நிற்பீர்கள். அவர் பெருமூச்சு விட்டால் தெரியும், உதட்டைக் கடித்தால் தெரியும், நீங்கள் மோசமாகச் சுட்டுவிட்டு முகம் சுளிப்பது அவருக்கும் தெரியும். முடிந்தால் இடக்கோடியில் உள்ள முதல் தடத்தைக் கேட்டு வாங்குங்கள். எதிரே சுவர் மட்டும்தான் இருக்கும்.

ஒரு தகவல். நான் வாங்கிய துப்பாக்கியோடு வந்த வலக்கைப் பிடி ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. எம் அளவு, கீறல் இல்லை. சங்கத்தில் யாருக்காவது பொருந்துமானால் இலவசமாகவே தருகிறேன். சோற்றுக்கையால் வாங்கிக்கொள்ளலாம்.